சனிக்கிழமைச் சாவி

பிரிக்பீல்ட்ஸ்
14 மார்ச் 2025

அன்பு சீதா அக்காவுக்கு,

உன் தங்கை அமுதா எழுதுவது. என் தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

உன் போன் ரிப்பேர் என்று கார்த்திகா சொன்னாள். தீபாவளியிலிருந்து ரிப்பேர். அப்படி என்ன அதிசயப் போன் அது? "அம்மா லெட்டர் எழுதச் சொன்னாங்க சின்னம்மா, நான் கொண்டு போய்க் கொடுக்கிறேன்" என்று உன் மகள் சொன்னதும் சிரித்துவிட்டேன். கிள்ளானிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம், நமக்குள் கடிதமாம்! ஆனாலும் பேனாவை எடுத்ததும் கை ஓடுகிறது. வாழ்த்துமடலும் வானொலிக்கு விளம்பரமும் எழுதிக் காய்ந்துபோன கை அல்லவா.

என் சனிக்கிழமை வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். புடவைக் கடைக்கு மேல்மாடி. ஒரு விசிறி, பிளாஸ்டிக் நாற்காலிகள், பதின்மூன்று பிள்ளைகள். முதலில் யாராவது ஒருவருடைய தன்வரலாற்றைச் சத்தமாக வாசிப்போம். பிறகு அவரவர் வாழ்க்கையிலிருந்து ஒரு பக்கம். அதை டைப் செய்து, பெயர் போடாமல் கொண்டுவந்து பிஸ்கட் டின்னில் போட வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து வாசிப்பார். யார் எழுதியது, உண்மையா பொய்யா என்று யாரும் கேட்கக் கூடாது. சட்டம் போட்டவள் நான். மீறினால் எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கித் தர வேண்டும்.

கார்த்திகாவை அனுப்பியதற்கு அத்தானுக்கு நன்றி சொல். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா? உன் நண்டுக் குழம்பு சாப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

உன்
அமுதா

கிள்ளான்
21 மார்ச் 2025

என் தங்கம் அமுதாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் தொண்டைக்கு அதிமதுரம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், வாயில் அடக்கிக்கொள். மேடையில் கத்துவதை மட்டும் நிறுத்திவிடாதே, அப்புறம் உன்னை யார் கவிஞர் அமுதவள்ளி என்று நம்புவார்கள்.

முழங்கால் பரவாயில்லை. டாக்டர் வெயிலில் நடக்கச் சொன்னார். சமையலறை ஜன்னலில் பத்து மணிக்கு நல்ல வெயில் வருகிறது.

இந்த ஞாயிறு வராதே. வீட்டுக்குச் சாயம் அடிக்கப் போகிறார்கள். அடுத்த மாதமும் பைப் வேலை இருக்கிறது. நானே சொல்கிறேன்.

ஒரே ஒரு உதவி, அமுதா. சனிக்கிழமை வகுப்பு மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள். கார்த்திகா வாரம் முழுக்க அவர் காரில் சுபாங் ஜெயா கல்லூரிக்குப் போகிறாள், அவர் காரில் திரும்புகிறாள். சனிக்கிழமை மட்டும்தான் தானாக ரயிலேறுகிறாள். வெள்ளிக்கிழமை மாலையே அவள் முகம் மாறிவிடும். ஆகஸ்டில் ஃபவுண்டேஷன் பரீட்சை. தேறிவிட்டால் செப்டம்பரில் பினாங்கில் பல்கலைக்கழகம், ஹாஸ்டல். அதுவரைக்கும் எந்தக் குழப்பமும் வரக் கூடாது. எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

மதியம் அவளுக்கு வயிறாரச் சோறு வாங்கிக் கொடு. இங்கே கொறிக்கிறாள்.

அன்புடன்
அக்கா

பிரிக்பீல்ட்ஸ்
11 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

அதிமதுரம் வேலை செய்கிறது. நேற்று ஒரு மண்டபத்தில் கவியரங்கம். மேடையில் ஆறு கவிஞர்கள், கீழே அவர்களுடைய மனைவிமார்கள், அப்புறம் ஒலிபெருக்கிக்காரர். எனக்கு இன்னொரு பொன்னாடை. இருப்பதையெல்லாம் எடுத்து வைத்தால் கீழே இருக்கும் புடவைக் கடைக்காரருக்கே பொறாமை வரும். உனக்கு உடம்பு எப்படி? சாயம் காய்ந்ததா?

அக்கா, போன சனிக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

ஒரு மாதமாக ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் தன் செலவில் அச்சிட்ட நினைவுக் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தோம். முக்கால்வாசி தற்பெருமை. நடுவில் ஒரே ஒரு பக்கம், மனைவி சாகக் கிடந்தபோது பார்க்கப் பயந்துகொண்டு ஓவர்டைம் செய்ததை எழுதியிருக்கிறார். "இந்த ஒரு பக்கம்தான் புத்தகம், மற்றதெல்லாம் அட்டை" என்றேன் பிள்ளைகளிடம். மறுவாரமே டின்னிலிருந்து ஒரு தாள் வந்தது. தனேஷ் என்ற பையன் எடுத்து வாசித்தான். கொஞ்சம் எழுதுகிறேன், கேள்:

"வெள்ளிக்கிழமை இரவு அப்பா சாவியை என்னிடம் கொடுப்பார். சனிக்கிழமை கடைசியாகக் கிளம்புவது நான். வெளியே வந்து கிரில் கதவை இழுத்துப் பூட்டுவேன். அம்மா உள்ளே நின்றுகொண்டு, 'சரியா மாட்டுச்சா, இழுத்துப் பாரு' என்பார். இழுத்துப் பார்ப்பேன். மற்ற நாளில் அப்பா பூட்டுகிறார். சனிக்கிழமை நான்தான் பூட்டுகிறேன். பிறகு பஸ் ஏறி இங்கே வந்து, சுதந்திரத்தைப் பற்றிக் கவிதை வாசிக்கிறேன்."

எப்படி இருக்கிறது? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருபது வருஷமாக எழுதுகிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வாய்க்கவில்லை. கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டாலும் மனசு ஊகிக்காமல் இருக்குமா? செலாயாங்கிலிருந்து ஒரு பெண் வருகிறாள், பஸ்ஸில்தான் வருகிறாள், யாரிடமும் பேச மாட்டாள். அவளாகத்தான் இருக்கும். எழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் நான்.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளின் எழுத்தரங்கேற்றம். மண்டபம் எடுத்தாயிற்று. இந்தப் பக்கம்தான் கடைசி. நானே வாசிக்கப் போகிறேன். இன்னொரு நல்ல சேதி: சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? நம் அத்தான்! நானே போன் போட்டுக் கேட்டேன். "கவிஞர் கூப்பிட்டு வராம இருப்பனா?" என்று ஒரே சந்தோஷம். நீயும் முன்வரிசையில் உட்கார வேண்டும். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வா.

உன்
அமுதா

கிள்ளான்
18 ஏப்ரல் 2025

அமுதாவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆசை.

நீ எழுதியனுப்பியதைப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேடையில் வேண்டாமே. சின்னப் பிள்ளை ஏதோ மனக்கஷ்டத்தில் எழுதியிருக்கும். வீட்டு விஷயம். பெற்றவர்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள்? பூவைப் பற்றி, மழையைப் பற்றி எத்தனையோ எழுதியிருப்பார்கள், அதிலிருந்து ஒன்றை வாசி.

அவரை ஏன் கூப்பிட்டாய்? அவருக்கு லோரி கம்பெனி வேலையே தலைக்குமேல் இருக்கிறது. வேறு பெரிய மனிதர் யாரும் கிடைக்கவில்லையா?

இந்த வாரம் கத்திரிக்காய் ஊறுகாய் போட்டேன். கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா

பிரிக்பீல்ட்ஸ்
2 மே 2025

அக்காவுக்கு,

ஊறுகாய் அருமை. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமில்லை, கோபமாக இருக்கிறேன்.

நீயுமா அக்கா? பூவும் மழையும்! பத்திரிகை ஆசிரியர் ஒருவர் இதையே சொல்வார், நிகழ்ச்சிக்கு வரும் தலைவர்கள் இதையே சொல்வார்கள். "குடும்பம் சங்கடப்படும்மா, நல்லதா நாலு வரி பாடிட்டுப் போங்க." இப்படி நல்லதாகவே பாடிப் பாடித்தான் நாம் இந்த நிலைமையில் இருக்கிறோம். ஒரு பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான் ஒருவன். தீப்பிடித்தால் என்ன ஆகும்? சங்கடப்பட வேண்டியது அவனா, அதை எழுதிய பிள்ளையா?

அந்தத் தாயார் மேலும் எனக்குக் கோபம்தான். "இழுத்துப் பாரு" என்கிறாளே, என்ன பெண்பிள்ளை அவள்? கத்தக் கூடாதா? பக்கத்து வீட்டில் ஆளே இல்லையா?

இந்தப் பக்கத்தை யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன். விளம்பரத் தாளும் அச்சாகிவிட்டது, அத்தான் படத்தோடு. கோட் போட்ட படமாகப் பார்த்து அவரே அனுப்பினார்.

கோபம் தணிந்ததும் அன்போடு எழுதுகிறேன்.

அமுதா

கிள்ளான்
30 மே 2025

அமுதாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அந்தத் தாயாரைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். நீ கேட்டது நியாயம்தான். என்ன பெண்பிள்ளை அவள்.

அமுதா, அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. காரணம் கேட்காதே. உன் வகுப்பில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே, அது எனக்கும் உண்டா?

கார்த்திகா இந்த வாரம் நன்றாகப் படிக்கிறாள். கணக்கில் முதல் மதிப்பெண்.

அக்கா

பிரிக்பீல்ட்ஸ்
12 ஜூன் 2025

அக்கா,

நலமா என்று கேட்க இன்று எனக்கு வாய் வரவில்லை.

நேற்று நான் உன் வீட்டு வாசலில் வந்து நின்றது கனவில்லைதானே? கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் கவிதை நிகழ்ச்சி. சீக்கிரம் முடிந்துவிட்டது. பைப்பாவது சாயமாவது, அக்காவைப் பார்த்தே தீர்வது என்று வாடகைக் காரில் வந்து இறங்கினேன். வெளிகேட் திறந்திருந்தது. உள்ளே வந்து கூப்பிட்டேன். ஜன்னல் திரை விலகியது. உன் முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒரே நேரத்தில் வந்ததைப் பார்த்தேன்.

"ஏய், நீயா? சொல்லாம வந்துட்ட?"

"கதவத் தொறக்கா. வெயில் மண்டையப் பொளக்குது."

"சாவி அவருகிட்ட இருக்கு லா. ஞாபகமில்லாம எடுத்துட்டுப் போயிட்டாரு. உக்காரு, காப்பி கலக்கித் தரேன்."

நான் நம்பினேன். முட்டாள், நம்பிவிட்டேன்! செருப்பு வைக்கும் பலகையில் உட்கார்ந்து கவியரங்கக் கதையெல்லாம் சொன்னேன். நீ சிரித்தாய். காப்பி டம்ளர் கிரில் கம்பிக்குள் நுழையவில்லை. நீ கொஞ்சமும் யோசிக்காமல் உள்ளே போய் நெய்க் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாய். அது சரியாக நுழைந்தது. எந்தக் கிண்ணம் நுழையும் என்பது உனக்குத் தெரிந்திருந்தது.

கிளம்பும்போது சும்மா பூட்டைப் பிடித்து ஆட்டினேன். உள்ளேயிருந்து நீ சொன்னாய்: "இழுத்துப் பாக்காத அமுதா. சரியாத்தான் மாட்டியிருக்கு."

அந்த வார்த்தை டின்னில் வந்த தாளில் இருந்த வார்த்தை. உன் முகத்தைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

செலாயாங் பெண்ணாம். எழுத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேனாம். கார்த்திகா பஸ் என்று மாற்றி எழுதினாள், நான் ஏமாந்தேன். சனிக்கிழமைதோறும் அந்தச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள் அக்கா. நான் அவளுக்குச் சோறு வாங்கிக் கொடுத்து, எதுகை மோனை திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். உன்னை என்ன பெண்பிள்ளை என்று கேட்டேன். என் கையை வெட்டிப் போட வேண்டும்.

என் தோழி தங்கமணி வழக்கறிஞர். குடும்ப வன்முறை வழக்குகள் பார்ப்பவள். ஒரு வார்த்தை சொல், நாளைக்கே வருகிறோம்.

அமுதா

கிள்ளான்
20 ஜூன் 2025

என் தங்கைக்கு,

நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாய் என்று கார்த்திகா சொன்னாள். நிம்மதி. நீ வந்துபோனதை அவர் அறியவில்லை.

சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டு வரிசையில் திருடன் வந்தான். அப்போது ஆரம்பித்தது. "ஒன் பாதுகாப்புக்குத்தான் பூட்டுறேன்" என்றார். எனக்கும் அப்போது பயமாகத்தான் இருந்தது, சரி என்றேன். திருடன் பேச்சு போய்விட்டது, பூட்டு போகவில்லை. பிறகு போன் அவர் பாக்கெட்டுக்குப் போனது. கை நீட்டியதே இல்லை என்று உனக்கு எழுத ஆசை. எழுதவில்லை.

போன வருஷம் கார்த்திகா உன் வகுப்புக்குப் போக வேண்டும் என்று அழுதாள். "நீ வெளிய போனா வீட்டுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார். நான் பொறுப்பு என்றேன். சனிக்கிழமை அவர் விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய்விடுவார், மகளைக் கொண்டே பூட்டச் சொன்னார். நான் உள்ளே இருந்தால் அவள் வெளியே போகலாம். எனக்கு அது நல்ல பேரமாகத்தான் பட்டது. அவள் சங்கடப்படக் கூடாதே என்றுதான் "இழுத்துப் பாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது நீ அனுப்பிய தாளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பக்கத்தை அவர் காதில் நீ போட்டால் அன்றோடு அவளுடைய ரயிலும் போச்சு, பரீட்சையும் போச்சு, பினாங்கும் போச்சு. செப்டம்பர் வரைக்கும் விட்டுவிடு. அவள் போகட்டும். அதற்கப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். என் தலைமேல் சத்தியம் பண்ணு. அது அவள் எழுதியது என்று உனக்குத் தெரிந்ததைக் கார்த்திகாவிடமும் காட்டிக்கொள்ளாதே.

அக்கா

பிரிக்பீல்ட்ஸ்
27 ஜூன் 2025

அக்காவுக்கு,

எடுத்துவிட்டேன். சத்தியம்.

போன சனிக்கிழமை நிகழ்ச்சி நிரலைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். தனேஷ்தான் கேட்டான். "டீச்சர், அந்தப் பூட்டுப் பக்கம் எங்க? கடைசியா வரும்னு சொன்னீங்களே." நேரம் போதவில்லை என்றேன். "நீங்கதானே சொன்னீங்க, அந்த ஒரு பக்கம்தான் புத்தகம்னு?" என்றான். எரிந்து விழுந்தேன். கார்த்திகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தானை வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை, சொன்னால் ஏன் என்பார். வந்து போகட்டும். நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

எனக்கு இது சரியென்று படவில்லை அக்கா. ஆனால் உன் தலைமேல் சத்தியம் வாங்கிவிட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அமுதா

பிரிக்பீல்ட்ஸ்
25 ஜூலை 2025

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொடுக்க ஆளில்லை. நிகழ்ச்சிக்குப் பிறகு கார்த்திகா வகுப்புக்கு வரவே இல்லை. தபாலில் போட்டால் அவர் கையில் கிடைக்குமே என்று பயமாக இருக்கிறது. எழுதி மேசையில் வைத்திருக்கிறேன்.

நீ முன்வரிசையில் இருந்தாய். பச்சைப் பட்டு. உன் பக்கம் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்தப் பக்கத்துக்குப் பதிலாக என் பழைய கவிதையை வாசித்தேன், தாய்மையைப் பற்றியது, எல்லா மேடையிலும் கைத்தட்டல் வாங்குவது. முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் அத்தான். பிறகு நான் அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டியிருந்தது. போர்த்தினேன். படமும் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

என்ன நடக்கிறது அங்கே? கார்த்திகாவின் போனும் அணைந்திருக்கிறது. சத்தியமாவது ஒன்றாவது, போலீசுக்குப் போகட்டுமா என்று தங்கமணியிடம் தினமும் கேட்கிறேன். நீ சொல்லாமல் நான் போனால் இன்னும் மோசமாகுமோ என்றும் பயப்படுகிறேன். ஒரு வரி எழுது.

அமுதா

கிள்ளான்
30 ஜூலை 2025

அமுதா,

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம், மாக்சிக் என்றுதான் கூப்பிடுவேன், சமையலறை ஜன்னல் வழியாக இதைக் கொடுக்கிறேன். நல்ல மனுஷி. ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அந்த அம்மாவே தபாலில் போட்டுவிடுவார். அவருடைய போன் நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன், மனசில் வைத்திருக்க முடியவில்லை. நீ மேடைக்கு வந்து கண்ணாடியை மாட்டினாய். ஒரு தாளை எடுத்தாய். இவள் யார் பேச்சையும் கேட்க மாட்டாள், சத்தியத்தை மீறி வாசிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். வாசித்ததும் எழுந்து நிற்பது என்று முடிவு பண்ணியிருந்தேன் அமுதா. அது நான்தான், அது என் வீடுதான் என்று சொல்வது. அத்தனை பேர் நடுவில் அவர் என்ன செய்துவிட முடியும்? அடையாளக் கார்டைக்கூடக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நீ தாய்மையைப் பற்றி வாசித்தாய்.

வேண்டாம் என்று எழுதியவளும் நான்தான், காத்திருந்தவளும் நான்தான். உன்மேல் தப்பே கிடையாது. ஆனாலும் உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சின்ன வயசிலிருந்து நான் சொன்ன எதையுமே நீ கேட்டதில்லையே. இதை மட்டும் ஏன் கேட்டாய்?

காரில் வரும்போது பொன்னாடையை மடித்து என் மடியில் வைத்து, "பத்திரமா எடுத்து வை" என்றார். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு கார்த்திகா கேட்டாள்: "சின்னம்மாகிட்ட வேணாம்னு சொன்னது நீயாம்மா?" ஆமாம் என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வெளியே போய்க் கிரிலைச் சாத்தினாள். பூட்டவில்லை. சாவியைக் கம்பி வழியாக என் கையில் கொடுத்தாள். "இனிமே நான் பூட்ட மாட்டேன். வா, இப்பவே போலாம்" என்றாள். போர்ட்டிக்கோவில் உட்கார்ந்துகொண்டாள். வகுப்புக்கும் போகவில்லை. நான் உள்ளே நின்றேன். கதவு திறந்துதான் கிடந்தது. கையால் தள்ளினால் போதும். நான் தள்ளவில்லை, அமுதா. அவர் வந்தால், பரீட்சை, பினாங்கு, இதையே சொல்லிக்கொண்டு நின்றேன். அவள் எழுந்தும் போகவில்லை. மத்தியானம் கார் வந்து நின்றது.

அவளுக்கு அடி விழுந்தது. நடுவில் புகுந்ததில் எனக்கும் விழுந்தது. இப்போது இரண்டு பேரையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறார். கல்லூரிக்கு அனுப்புவதில்லை. அவள் போனையும் வாங்கிக்கொண்டார். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

எதற்காக நான் உள்ளே இருந்தேனோ அதுவே போய்விட்டது. இனி நான் உள்ளே இருப்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

வந்து கூட்டிப் போ.

அக்கா

கிள்ளான், மாக்சிக் வீட்டில்
1 ஆகஸ்ட் 2025, மாலை

அக்கா,

சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன். நீ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கிறது. கூப்பிட்டுவிடுவேனோ என்று வாயைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன். அவர் கார் வாசலில் நிற்கிறது. மாக்சிக் பலகாரத் தட்டோடு பின் ஜன்னலில் இதைக் கொடுப்பார். படித்ததும் கிழித்து அடுப்பில் போடு.

உன் கடிதம் காலையில் கிடைத்தது. தங்கமணியும் நானும் போலீசில் புகார் கொடுத்துவிட்டோம். நாளைக் காலையில் அவர் துறைமுகத்துக்குப் போனதும் வருகிறோம். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள், அதில் ஒருவர் பெண். இரும்பு வெட்டும் கத்தரியோடு தனேஷின் அப்பா வருகிறார். கார்த்திகாவின் கல்லூரி விரிவுரையாளரிடமும் பேசிவிட்டேன். பரீட்சை எழுதலாம் என்கிறார். என் அறை சின்னது, ஆனால் மூன்று பேர் படுக்கலாம்.

இரண்டு பேரும் செருப்புப் போட்டுக்கொண்டு முன்கதவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அடையாளக் கார்டும் அவளுடைய சர்டிபிகேட்டும் போதும். துணிமணி வேண்டாம்.

அவளிடம் சொல், நான் அவளுடைய பக்கத்தை எடுத்ததற்கு அவள் என்னைத் திட்டலாம், நேரில் திட்டட்டும்.

கத்தரியை வைக்கிற நேரத்தில் உனக்குப் பயம் வரும். "வேணாம் அமுதா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாய். என்மேல் சத்தியம் பண்ணுவாய். உன்னை எனக்குத் தெரியும். அழு அக்கா, எவ்வளவு வேண்டுமானாலும் அழு. நாளைக்கு நான் உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

அமுதா